நிபந்தனை: இல்லை

14-8-1983 — 350 மில்லி
11-9-1983 — 350 மில்லி
1983-இல் மொத்தம் ஐந்து முறை — 1,750 மில்லி
1984, பதினோரு முறை — 3,850 மில்லி
1985, பன்னிரண்டு முறை — 4,200 மில்லி
1986, பன்னிரண்டு முறை — 4,200 மில்லி
1987, பத்து முறை — 3,500 மில்லி
1988, ஒன்பது முறை — 3,150 மில்லி
19-6-1988, தனியாக — 60 மில்லி
ஆக மொத்தம் — 20,710 மில்லி
பெற்ற தொகை — இல்லை
19-10-1991, ஊசி ஒன்று — 1,780 ரூபாய்

கடைசி இரண்டு வரிகளைத் தவிர மற்றதெல்லாம் ஒரே பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்த ரத்தத்தின் அளவு. கடைசி வரி, அப்படி எடுத்ததிலிருந்து செய்த மருந்தை அவள் வீட்டுக்கே வாங்கிய விலை.

அவள் பெயர் வேம்புலியம்மாள். ஆவடி சேக்காட்டில் இருக்கிறாள். பிறந்தது நெமிலிச்சேரியில், 1946-இல். மாதம் தெரியாது, நடவு நேரம் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பதினேழு வயதில் மதுரைவீரனைக் கட்டிக்கொண்டு சேக்காட்டுக்கு வந்தாள். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் லோடுமேன். இவள் எங்கள் பாதுகாப்புத் தொழிற்சாலைக் கேன்டீனில் ஒப்பந்தக்காரரிடம் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அதே தொழிற்சாலையின் டைம் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் வருகைப் பதிவேடு வைத்திருந்தவன். குவார்ட்டர்ஸ்காரர்கள் சேர்ந்து நடத்திய ரத்ததானச் சங்கத்துக்கு 1979 முதல் செயலாளர். அதனால் கேன்டீனில் எனக்கு 'ரிஜிஸ்டர் சார்' என்று பெயர்.

வேம்புலிக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தன. மூத்த பெண் நன்றாகப் பிறந்து மூன்று வயதில் அம்மையில் போய்விட்டது. அடுத்த நான்கும், 1966, 68, 70, 71-இல், ஒன்று வயிற்றிலேயே வீங்கி இறந்தது. மற்ற மூன்றும் பிறந்து இரண்டு மூன்று நாளில் மஞ்சள் பாய்ந்து இறந்தன. 72-இல் அவளாகவே போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள். அதே வருடம் அவள் தங்கை இறந்துபோனதால், தங்கையின் இரண்டு வயதுப் பெண் வனஜாவைக் கொண்டுவந்து வளர்த்தாள்.

தெருவில் எந்த வளைகாப்புக்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் வாசலோடு சரி. பிள்ளை தங்காதவள் கை வளையலில் படக்கூடாது என்பார்கள். அவளும் போகமாட்டாள். அன்றைக்குக் கேன்டீனில் கூடுதலாக ஒரு மூட்டை வெங்காயம் உரிப்பாள்.

1983 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சங்கம் சேக்காட்டில் ரத்த வகை கண்டறியும் முகாம் வைத்தது. மண்ணூர்பேட்டையில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனி இலவசமாக ஆட்களையும் மருந்தையும் அனுப்பியது. அந்தக் கம்பெனியின் பெயர் என் கோப்பில் இருக்கிறது, இங்கே வேண்டாம். அவர்களுடன் வந்தவர் டாக்டர் ரகுநாதன். முப்பது வயதுக்குள் இருக்கும். வேம்புலியின் முடிவு ஓ நெகடிவ் என்று வந்தது. எழுதிக்கொண்டிருந்த நான், "இவங்களுக்கு நாலு குழந்தை தவறிப்போச்சு டாக்டர்" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளிடம் ஒவ்வொரு குழந்தையாகக் கேட்டார். இன்னொரு குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து அவரே கேன்டீன் வாசலுக்கு வந்தார்.

"அம்மா, உங்க உடம்புல தப்பு எதுவும் இல்லை. பெரும்பாலான பேர் ரத்தத்துல ஒரு பொருள் இருக்கும். உங்களுக்கு அது இல்லை, உங்க வீட்டுக்காரருக்கு இருக்கு. குழந்தைக்கு அப்பாவோட ரத்தம் வந்தா, உங்க ரத்தம் அதை வேற்று ஆள்னு நினைச்சு எதிர்க்குது. முதல் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கப்புறம் வர்றதுக்குத்தான் ஆபத்து."

"அப்ப என் ரத்தந்தான் என் கொயந்தைங்கள கொன்னுச்சா?"

ரகுநாதன் பேச்சை ஊசிக்குத் திருப்பினார். "அந்த எதிர்ப்பு உங்ககிட்ட ரொம்ப அதிகமா இருக்கு. அதை எடுத்துச் சுத்தம் பண்ணி ஊசியா போட்டா, மத்த பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி நடக்காம தடுக்கலாம். பிரசவம் ஆகி எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள போடணும். எங்க ஆராய்ச்சி அதுதான். உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்கிறது அபூர்வம்."

வேம்புலி கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னா சாரே இது, வெஷத்துலேந்து மருந்தா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்படித்தான் சொல்றார்."

"எடுத்துக்கச் சொல்லு. எனக்கு அத்த வெச்சிகினு இன்னா பண்றது?"

ஒவ்வொரு முறையும் அறுபது ரூபாய் தருவதாகக் கம்பெனி சொன்னது. வேண்டாம் என்று தடுத்தவன் நான். அந்தக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் ரத்தம் விற்றுக் குடித்தவர்களை எனக்குத் தெரியும். ரத்தத்தை விற்கக்கூடாது, தானமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவன், என் மூலமாகப் போகிறவள் காசு வாங்க விடுவேனா? மதுரைவீரனுக்கு இது பிடிக்கவில்லை.

"அறுவது ரூபாய்க்கு நான் மூணு நாள் மூட்ட தூக்கணும் அண்ணாத்தே. இவ சும்மா படுத்துகினு சம்பாரிச்சா உனக்கு இன்னா நோவுது?"

"தானம் வேற, வியாபாரம் வேறப்பா."

"அதான் நாங்க தானம் பண்ணி பண்ணி மாடி வூடு கட்டிக்கினோம்" என்று சொல்லிச் சிரித்தான். ஆனால் தடுக்கவில்லை.

14-8-1983 அன்று அவளை அழைத்துக்கொண்டு போனேன். ஆவடியில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தோம். கம்பெனியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லி நானே நிரப்பினேன். பதினான்கு வரிகள். பன்னிரண்டாவது வரி: 'கொடையாளரின் நிபந்தனைகள், ஏதேனும் இருப்பின்.' அதற்குக் கீழே மூன்று கோடு அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"இது இன்னா?"

"நீ ஏதாவது கேட்டுக்க விரும்பினா எழுதலாமாம்."

அவள் யோசித்தாள். "எங்க ஊட்டுப் பொண்ணுங்களுக்கு அந்த ஊசி வோணும்னு வந்தா, ஒண்ணு குட்த்துடணும்னு எழுது."

நான் சிரித்தேன். என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. "கோயிலுக்குக் குத்துவிளக்கு கொடுத்துட்டு, எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்துக்குவேன்னு எழுதி வாங்குவாங்களா? தானம்னா தானம்தான் வேம்புலி. அதெல்லாம் அவங்களே பார்த்துக் கொடுப்பாங்க."

"சரி, உனக்குத் தெரியாததா?" என்றாள்.

அலுவலகத்தில் காலியாக ஓர் இடத்தை விட்டால் பின்னால் யாராவது ஏதாவது எழுதிச் சேர்த்துவிடுவார்கள். அதனால் காலி இடங்களைக் குறுக்குக்கோடு போட்டு அடைப்பது என் பழக்கம். என் பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்கேல் இருக்கும். அதை வைத்து மூலைக்கு மூலை கோடு இழுத்து, மேலே 'இல்லை' என்று எழுதினேன். அவள் கட்டைவிரல் ரேகை வைத்தாள். சாட்சி என்ற இடத்தில், ந. சண்முகசுந்தரம் என்று கையெழுத்திட்டேன்.

அதன் பிறகு மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மண்ணூர்பேட்டை என்று ஆனது. ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் சுற்றி, மேலே நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் வைத்துக்கொண்டு, சிவப்பு அணுக்களைத் திரும்ப அவள் உடம்பிலேயே ஏற்றிவிடுவார்கள். அதனால்தான் மாதம் ஒரு முறை கொடுக்க முடிந்தது. மூன்று மணி நேரம் ஆகும். முடிந்ததும் ஒரு பன், ஓர் அவித்த முட்டை, ஒரு டம்ளர் காப்பி. முட்டையை அவள் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து வனஜாவுக்குக் கொடுப்பாள். திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்து கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொள்வாள்.

1984 பொங்கலுக்கு முன்னால் ரகுநாதன் அவளிடம் காலி மருந்துப்புட்டி ஒன்றைக் கொடுத்தார். சுண்டுவிரல் உயரம். அதில் இருந்தது அவள் ரத்தத்திலிருந்து எடுத்த முதல் மருந்து என்றார். அதைச் சாமி படங்களுக்கு நடுவே வைத்தாள். "சாமி கூட வெச்சிட்டியே, யாரு இது, உன் மவனா?" என்று மதுரைவீரன் கிண்டல் செய்தான். "ஆமா, இதுதான் நிக்குது. உன்ன மாதிரி தள்ளாடல" என்றாள்.

எனக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஜெகதாம்பாளின் மருமகளும் நெகடிவ் வகை. இரண்டாவது பிரசவம் நல்லபடியாக நடந்தது. முதல் பிரசவத்தில் அந்த ஊசி போட்டிருந்தார்கள். அந்த ஊசி வேம்புலியின் ரத்தத்திலிருந்து செய்தது என்று நான் சொன்னபோது ஜெகதாம்பாள் நம்பவில்லை. பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறாள். 1986-இல் சின்ன மருமகளுக்கு வளைகாப்பு வந்தபோது வெற்றிலை பாக்கோடு சேக்காட்டுக்கே போனாள்.

"முதல் வளையல் நீ போடணும்டி."

"இன்னாம்மா வெளையாடுறியா? நானா?"

"நீதான். உன் ரத்தத்துல பொழச்ச புள்ள என் வீட்டுல ஓடுது."

அன்று வேம்புலி கட்டியிருந்தது பச்சைப் புடவை. அவள் முதல் வளையல் போடுவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அதற்கப்புறம் குவார்ட்டர்ஸில் ஆறு வளைகாப்புகளில் முதல் வளையல் அவள் போட்டது. கேன்டீனில் யாராவது முறைத்துக்கொண்டால், "ஏய், நான் ஒரு வளையல் போட்டா ஒம்போது மாசம் கேரண்டி, தெரியுமா?" என்பாள்.

1988 ஜூனில் ரகுநாதன் வேறொன்று கேட்டார். வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்றோடு சேர்ந்து, அவள் ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கப் போகிறார்களாம். வளர்ந்தால், அந்த எதிர்ப்புப் பொருளை அணுக்களே சுரந்துகொண்டிருக்கும். அறுபது மில்லி போதும். புதிய படிவம் எதுவும் தரவில்லை. பழைய படிவமே போதும் என்றார்கள். அதை நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"நான் செத்தப்பறமும் அது வளருமா டாக்டரே?" என்று கேட்டாள்.

"பார்த்துக்கிட்டா வளரும்மா."

"வளரட்டும். எனக்குன்னு ஒண்ணும் தங்கல. அதாச்சும் தங்கட்டும்."

டிசம்பர் 11 அன்று கடைசியாக ரத்தம் எடுத்தார்கள். 8-1-1989 ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது வாயிற்காவலர் எங்களை நிறுத்தினார். இனி இந்த அம்மா வர வேண்டியதில்லை, உள்ளே சொல்லிவிட்டார்கள் என்றார். ரகுநாதன் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டிருந்தார். அவள் காவலரிடம், "அது வளந்துடுச்சா?" என்று கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வளந்துட்டா அம்மா எதுக்கு?" என்று அவளே சொல்லிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தாள். அன்று பன்னும் முட்டையும் இல்லை. பட்டரவாக்கத்தில் இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

வனஜாவும் ஓ நெகடிவ்தான். 1986 முகாமில் அதைப் பதிவு செய்ததும் நான்தான். 1990 ஜூனில் அவளைப் பாஸ்கரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவன், பாசிட்டிவ் வகை. வனஜா உண்டானதும் 1991 மே மாதத்தில் நான் கம்பெனிக்கு எழுதினேன். வேம்புலியம்மாள் ஐம்பத்தொன்பது முறை இலவசமாகக் கொடுத்தவர், அவர் வளர்த்த பெண்ணுக்கு ஓர் ஊசி தேவைப்படும் என்று. பதில் வந்தது: 'தக்க சமயத்தில் நேரில் அணுகவும்.'

அலுவலக மொழியில் அதற்கு என்ன பொருள் என்பது முப்பத்திரண்டு வருடம் அலுவலகத்தில் இருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானே எத்தனை பேருக்கு அந்த வாக்கியத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன்! ஆனால் என் பக்கம் நியாயம் இருந்ததால், அதை ஒப்புதல் என்றே படித்தேன்.

வனஜாவின் வளைகாப்பில் எல்லா வளையலும் வேம்புலிதான் போட்டாள். யாரையும் தொட விடவில்லை.

15-10-1991, செவ்வாய்க்கிழமை, மாலை 4.20-க்கு ஆவடி ஆஸ்பத்திரியில் வனஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் வகை ஓ பாசிட்டிவ் என்று புதன்கிழமை பகல் ஒரு மணிக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை 4.20-க்குள் ஊசி போட்டாக வேண்டும். விலை 1,780 ரூபாய். பாஸ்கரன் அதற்குள் வனஜாவின் கம்மலை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குக் கிளம்பிவிட்டான்.

"எங்கேப்பா போறே? அதெல்லாம் வேணாம். கம்பெனி கொடுக்கும். அவங்க அம்மாவோட ரத்தம்பா அது" என்று அவனை நிறுத்தியது நான்.

"கன்ஃபாரமா சார்?"

"கடிதம் இருக்கு."

புதன் மாலை மூன்றே முக்காலுக்கு மண்ணூர்பேட்டை போய்ச் சேர்ந்தேன். மறுநாள் ஆயுத பூஜை என்பதால் எஸ்டேட் முழுக்க அன்றே பூஜை. வாசலில் வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய் சாலையில் சிவந்து கிடந்தது. காவலர் என் கையில் ஒரு பொட்டலம் பொரியைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். புதிய மேலாளர் ஆனந்தன், நெற்றியில் குங்குமத்தோடு, மரியாதையாகவே பேசினார்.

"நீங்க சொல்றது நியாயம்தான் ஐயா. நான் புதுசு. பழைய பைலைப் பார்க்காம ஸ்டாக்லேர்ந்து இலவசமா எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதுல ஏதாவது எழுதியிருந்தா கண்டிப்பா செய்யலாம்."

"பைலைப் பாருங்களேன்."

அவர் கையை நீட்டிக் காட்டினார். அறையின் மூலையில் மேசைமேல் பதிவேடுகள், கோப்புகள், சாவிக்கொத்து எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் பூசி, பூ வைத்து, கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். கொடையாளர் கோப்புகள் கீழ் அடுக்கில் இருந்தன.

"இப்பத்தான் பூஜையில வெச்சோம். வெள்ளிக்கிழமை காலையில விஜயதசமிக்குப் புனர்பூஜை பண்ணி எடுப்போம். பத்து மணிக்கு வாங்க. உங்களுக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கே?"

இருந்தது. பத்து மணியிலிருந்து 4.20 வரை ஆறு மணி இருபது நிமிடம். மனத்துக்குள் கணக்குப் போட்டேன். எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தியிருக்கலாம். எனக்கே வாய் வரவில்லை. சரஸ்வதி முன் வைத்த ஏட்டை மறுபூஜைக்கு முன் நான் என் வாழ்நாளில் பிரித்ததில்லை. என் வீட்டிலும் அன்று மாலை என் பதிவேடுகளைப் பூஜையில் வைத்தேன். அந்த இரண்டு நாளும் ஒரு வரி எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். ஆனந்தன் வர 10.40 ஆயிற்று. கோப்பை எடுத்துக் குங்குமத்தைத் தட்டிவிட்டுப் பிரித்தார். பன்னிரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"நிபந்தனை இல்லைன்னு போட்டிருக்கே ஐயா."

"அவங்க வாயால சொன்னாங்க. நான்தான்..."

"கோடு வேற போட்டு அடிச்சிருக்கீங்களே!"

விலைக்காவது ஒன்று கொடுங்கள் என்றேன். கம்பெனியில் நேர் விற்பனை கிடையாது, பட்டணத்தில் விநியோகஸ்தர்தான் என்றார். கம்மல் இன்னும் அடகுக்கடைக்குப் போகவில்லை. ஆவடிக்குத் திரும்பி, ஜெகதாம்பாளிடம் ஆயிரமும் என்னிடம் இருந்ததும் சேர்த்து எடுத்துக்கொண்டு, பாஸ்கரனோடு ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கும்போது மணி இரண்டு பத்து. விநியோகஸ்தர் கடை விஜயதசமிக்கு மூடியிருந்தது. ஐந்து மருந்துக்கடைகளில் கேட்டோம். இரண்டில் அந்த ஊசியின் பெயரே தெரியவில்லை. 4.20-க்கு நாங்கள் ஒரு கடையின் படியில் நின்றிருந்தோம். பாஸ்கரன் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, 11.05-க்குப் போட்டார்கள். தொண்ணூறு மணி நாற்பத்தைந்து நிமிடம். "பத்து நாளுக்குள்ள போட்டாலும் கொஞ்சம் பலன் இருக்கலாம்" என்று மருத்துவர் அம்மாள் சொன்னார்.

இருக்கவில்லை. 1993-இல் வனஜா மறுபடி உண்டானபோது அவள் ரத்தத்தில் எதிர்ப்பு வந்துவிட்டது தெரிந்தது. 3-2-1994 அன்று ஆண் குழந்தை பிறந்து இரண்டாம் நாள் மஞ்சள் பாய்ந்து இறந்தது. ஊசி தாமதமானதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, உரிய நேரத்தில் போட்டும் சிலருக்குப் பலிப்பதில்லை என்று மருத்துவர் சொன்னார். அதையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரி எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. வனஜா அதே ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள். பெரியம்மா செய்துகொண்டதைப் போலவே.

அதற்குப் பிறகு வேம்புலி எந்த வளைகாப்புக்கும் போகவில்லை. ஜெகதாம்பாள் இரண்டு முறை ஆள் அனுப்பினாள். வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சாமி படங்களுக்கு நடுவே இருந்த புட்டியையும் காணோம். எங்கே என்று நான் கேட்கவில்லை.

1991 நவம்பரிலிருந்து கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். மொத்தம் பதினோரு கடிதங்கள். மருந்து செய்யச் செலவு ஆகும், லாபமும் வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. கொடுத்தவளுக்குத் தானம், எடுத்தவர்களுக்கு வியாபாரம் என்று ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் எப்படி இருக்கலாம் என்று கேட்டேன். 14-8-1983 அன்று அவர் வாயால் சொன்ன நிபந்தனை எழுத்தரின் பிழையால் விடுபட்டது, அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். எழுத்தர் நான்தான். ஆறாவது கடிதத்துக்குப் பதிலாக, 1994 ஏப்ரலில், படிவத்தின் நகலை அனுப்பினார்கள். என் எழுத்து, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு, ஓரத்தில் அவள் கட்டைவிரல்.

அதை எடுத்துக்கொண்டு சேக்காட்டுக்குப் போனேன். அதுவரை அவளிடம் கம்பெனி மறுத்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அன்று முழுவதையும் சொன்னேன். வேம்புலி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கி, கோட்டின் மேல் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுதான் நான் சொன்னதா?"

"நீ சொன்னது இதுல இல்லை. அந்த இடத்துலதான் கோடு போட்டேன்."

"நான் பன் துன்னத எழுதுன. ரயிலு எத்தினி மணிக்கி வந்துதுன்னு எழுதுன. கேன்டீன்ல எவன் எத்தினி நிமிசம் லேட்டுன்னு எழுதுன." குரலை உயர்த்தவில்லை. "ஆயிசுக்கும் நான் ஒண்ணே ஒண்ணுதான் எழுதச் சொன்னேன் சாரே."

மதுரைவீரன் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். "வுடு வேம்புலி. பெரிய மன்சன்" என்றான்.

"பெரிய மன்சன்னுதானே வுட்டேன்" என்றாள்.

அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. நானும் போகவில்லை, கடிதங்களை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆவடி சந்தையில் எதிரே வந்தவள், "இன்னும் எய்திகினுதான் கீறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எய்து, எய்து. பேனாவுல மை தீர்ற வரைக்கும் எய்து" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது கோபமா, பழைய கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பதினோராவது கடிதத்துக்குப் பதில் வந்தது. நிர்வாகம் அனுதாபத்தோடு பரிசீலித்ததாம். திருமதி வேம்புலியம்மாளின் அணுக்கள் நிறுவனத்தின் தயாரிப்புகளுக்கு இன்றும் ஆதாரமாக இருப்பதைக் கருத்தில் கொண்டு, அவர் குடும்பத்துப் பெண்களுக்குப் பிரசவத்துக்கு ஓர் ஊசி வீதம் விலையின்றி வழங்கப்படுமாம். இந்தக் கடிதத்தைக் காட்டினால் போதும். இந்தப் பொருள் பற்றி இதுவே இறுதிக் கடிதம், மேற்கொண்டு எழுத வேண்டாம் என்று முடித்திருந்தார்கள்.

அன்றைக்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். வேம்புலி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாள். வனஜாவின் பெண், நாலரை வயது, பக்கத்தில் சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தது.

"வனஜாவுக்கு இனிமே அந்த ஊசி வேல செய்யுமா?"

"செய்யாது. எதிர்ப்பு வந்தப்புறம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆபரேஷனும் ஆயிடுச்சு."

"இதுக்கு?" என்று குழந்தையைக் காட்டினாள்.

"இது பாசிட்டிவ். இதுக்கு அந்த ஊசி என்னைக்குமே தேவைப்படாது."

"அப்ப யாருக்குதான் குடுக்குறானுங்க?"

அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அது இன்னும் உசுரோடதான் கீதா?" என்று கேட்டாள்.

"இருக்கு. அதுலேர்ந்துதான் இன்னும் செய்றாங்களாம்."

"அத்த மட்டும் நல்லா பாத்துக்கறானுங்க" என்றாள். பிறகு கடிதத்தை என் கையில் கொடுத்தாள். "உன் நோட்டுல ஏத்திக்க. ஆனா ரெண்டு தேதியும் எய்து. நான் சொன்ன தேதி, இவனுங்க சரின்ன தேதி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். கோடு கீடு போடாத."

அவள் சொன்னபடியே எழுதினேன்.

நிபந்தனை சொன்ன நாள்: 14-8-1983, ஞாயிற்றுக்கிழமை.

கடிதம் வந்து சேர்ந்த நாள்: 11-3-1996, திங்கட்கிழமை.